ஆக்சிநைட்ரைடு புராஜெக்டா? நைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

தருமபுரியில் எம்.எஸ்சி. கடைசி வருடப் பிள்ளைகள் பொங்கல் முடிந்ததும் புராஜெக்ட் நோட்டோடு என்னிடம் வருவார்கள். ஆக்சிநைட்ரைடு என்றால் உலோகங்களோடு ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். அதைச் செய்ய 900, 1000 டிகிரியில் அம்மோனியா ஓடும் உலைக்கு இங்கே எங்கே போவது? அதனால் பலரும் கணினிக் கணக்கீட்டை எடுக்கிறார்கள். நல்ல முடிவுதான். போன வருடம் ஒரு மாணவி பேரியம் டான்டலம் ஆக்சிநைட்ரைடு செய்தாள்.

"சார், ஒரு பக்கம் மட்டும் நீளம் மாறுது. கனசதுரம் இல்ல, டெட்ராகனல்னு எழுதிடட்டுமா?"

"எழுதாதம்மா. செல்லில் எத்தனை அணு?"

"அஞ்சு சார்."

தவறு அங்கேதான். செல் என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணுக்களின் பெட்டி. ஒரு பேரியம், ஒரு டான்டலம், இரண்டு ஆக்சிஜன், ஒரு நைட்ரஜன். இந்தச் சின்ன செல் திரும்பத் திரும்ப அடுக்கப்படும்போது, ஒவ்வொரு டான்டலத்துக்கும் மேலே ஒரு நைட்ரஜன், கீழே ஒரு நைட்ரஜன் என்று நேர்கோட்டில் வந்துவிடும். இது டிரான்ஸ் அமைப்பு. நாம் கேட்காமலேயே செல் அதைத் திணித்துவிடுகிறது. ஆனால் 2011-இல் வெளிவந்த நியூட்ரான் ஆய்வு, ஸ்ட்ரான்ஷியம் டான்டலம் ஆக்சிநைட்ரைடில் நைட்ரஜன்கள் 90 டிகிரியில், சிஸ் அமைப்பில் இருக்கவே விரும்புகின்றன என்று காட்டியது. காரணம் அழகானது: நேரெதிரே நின்றால் இரண்டு நைட்ரஜனும் டான்டலத்தின் அதே இரண்டு டி ஆர்பிட்டல்களுக்கு (பிணைப்புக்கு உதவும் எலக்ட்ரான் இடங்களுக்கு) போட்டி போடும்; பக்கவாட்டில் நின்றால் மூன்று ஆர்பிட்டல்கள் கிடைக்கும். 5 அணு செல்லில் சிஸ் அமைப்புக்கு இடமே கிடையாது. 20 அல்லது 40 அணு செல் எடுத்து, நைட்ரஜன்களைப் பல விதமாக அடுக்கிப் பார்த்து ஆற்றலை ஒப்பிட வேண்டும்.

"எக்ஸ்-கதிரில் கனசதுரம்னுதானே இருக்கு?" என்பார்கள். எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களை எண்ணுகிறது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். அது காட்டுவது சராசரியை. நியூட்ரானுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்: நியூட்ரானை அணு எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதன் அளவான சிதறல் நீளம் ஆக்சிஜனுக்கு 5.8, நைட்ரஜனுக்கு 9.4 ஃபெம்டோமீட்டர்.

மின்சுமையை எண்ண மறப்பதும் உண்டு. பேரியம் 2, டான்டலம் 5, மொத்தம் 7. எதிர்ப்பக்கம் ஆக்சிஜன் 4, நைட்ரஜன் 3. ஒரு ஆக்சிஜனை மட்டும் நைட்ரஜனாக மாற்றிவிட்டு மற்றதைச் சரிசெய்யாவிட்டால், கணக்கு ஒரு உலோகத்தைக் காட்டும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கும் மேலே உள்ள காலிப் பட்டைக்கும் நடுவிலுள்ள தூரம். எல்லாமே ஆக்சிஜனாக உள்ள பொட்டாசியம் டான்டலேட்டில் அது சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட், பேரியம் டான்டலம் ஆக்சிநைட்ரைடில் 1.9-க்குப் பக்கம். நைட்ரஜன் நடுவில் புது மட்டம் போடுவதாக நினைக்க வேண்டாம். அதன் எலக்ட்ரான் கவர்திறன் குறைவு, அதனால் இணைதிறன் பட்டையின் உச்சி மேலே ஏறுகிறது. பிபிஈ (PBE) என்ற வழக்கமான கணக்கீட்டு முறை இடைவெளியைக் குறைத்தே காட்டும். கிடைத்த எண்ணை அப்படியே நிறத்தோடு பொருத்தக் கூடாது.

நிறம் என்றதும் எனக்குக் கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிதான் நினைவுக்கு வரும். கால்சியம் டான்டலம் ஆக்சிநைட்ரைடு மஞ்சள். கால்சியத்தைக் குறைத்து லாந்தனமும் நைட்ரஜனும் கூட்டக் கூட்ட ஆரஞ்சு, பிறகு சிவப்பு. 2000-இல் யான்சன், லெட்ஷெர்ட் என்ற வேதியியலாளர்கள் காட்டியது இது. ஆனால் பொடி கருத்திருந்தால் இடைவெளி சிறியது என்று முடிவு கட்டாதீர்கள். டான்டலத்தில் கொஞ்சம் ஒடுங்கி, அதன் மின்சுமை 5-இலிருந்து 4 ஆகியிருந்தாலும் கருக்கும்.

அந்த மாணவி 40 அணுவில் திரும்பப் போட்டாள். கல்லூரிக் கணினி நாள்கணக்கில் ஓடியது. சிஸ் அமைப்பின் ஆற்றல்தான் கீழே வந்தது.