பிரிந்து போன பகுதியைப் போரிட்டு மீட்கலாமா? கணக்குப் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

1994 கடைசியில், ரஷ்யாவிலிருந்து பிரிந்து போன செச்சன்யாவுக்குள் படை நுழைவதற்கு முன், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் பாவெல் கிராச்சோவ் ஒரு கணக்குச் சொன்னார். ஒரே ஒரு பாராசூட் ரெஜிமென்ட், இரண்டு மணி நேரம், தலைநகர் குரோஸ்னி கையில். புத்தாண்டு இரவில் அந்த நகருக்குள் போன ரஷ்யாவின் மைக்கோப் படையணி ரயில் நிலையத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஏறக்குறைய அழிந்தே போனது. சண்டை இருபது மாதம் நடந்தது. 1996 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டுப் படையைத் திரும்ப அழைத்தார்கள். 1999இல் மறுபடி முதலிலிருந்து. 2003இல் ஐ.நா. குரோஸ்னியை உலகிலேயே மிக அதிகமாகச் சிதைந்த நகரம் என்றது.

இன்று செச்சன்யா ரஷ்ய வரைபடத்துக்குள்தான் இருக்கிறது. அதன் பட்ஜெட்டில் பெரும்பகுதி மாஸ்கோவிலிருந்து போகிறது, ஆள்வது ஒரு குடும்பம். மீட்டார்களா, குத்தகைக்கு எடுத்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

‘ஓர் அங்குலம்கூட விடமாட்டோம்’ என்பவரும், ‘மண்ணுக்காக ஓர் உயிர்கூடப் போகக்கூடாது’ என்பவரும் இந்த விஷயத்தில் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். எதை மீட்கப் போகிறோம் என்று இருவருமே கேட்பதில்லை. வரைபடத்தில் இருக்கும் எல்லைக்கோட்டையா, அங்கே வாழும் மக்களையா, அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் வீடுகளையா? மூன்றும் வேறு வேறு, மூன்றின் விலையும் வேறு. பெரும்பாலான போர்களில் முதலாவதுதான் கிடைக்கிறது என்பது என் கணிப்பு. மற்ற இரண்டையும் பேச்சில் காட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள்.

நிலம் வந்தால் ஊரும் வந்துவிடும் என்று நினைப்பது

இதற்கு குரோஷியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு பகுதிகள், இரண்டு வழிகள்.

1991இல் குரோஷியா யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அதை ஏற்காத செர்பியர்கள் குரோஷியாவிலிருந்து பிரிந்து கிராயினா என்று தனி ஆட்சி அமைத்தார்கள். அங்கிருந்த குரோஷியர்கள் விரட்டப்பட்டார்கள். 1995 ஆகஸ்ட் 4ஆம் தேதி குரோஷிய இராணுவம் ‘புயல்’ என்ற பெயரில் தாக்கியது. நான்கு நாளில் கிராயினா விழுந்தது. இராணுவத்தின் இழப்பு சுமார் 200 பேர். இராணுவக் கணக்கில் இது மலிவான வெற்றி. ஆனால் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் ஏறி ஊரைக் காலி செய்து போனார்கள். போக முடியாமல் தங்கிவிட்ட வயதானவர்கள் பலர் பிறகு கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. விரட்டப்பட்ட குரோஷியர்கள் திரும்ப முடிந்தது உண்மை. பல கிராமங்களில் திரும்ப ஆளே இல்லை என்பதும் உண்மை.

கிழக்கு ஸ்லவோனியா என்ற பகுதியும் அப்போது செர்பியர்கள் கையில்தான் இருந்தது. 1991இல் 87 நாள் முற்றுகையில் தரைமட்டமான வுகோவர் அங்கேதான் இருக்கிறது. பழி வாங்கியே தீரவேண்டும் என்று குரோஷியர்கள் எந்த ஊரையாவது நினைத்திருந்தால் அது வுகோவர்தான். ஆனால் 1995 நவம்பர் 12இல் எர்டூட் என்ற ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு ஆண்டு ஐ.நா. நிர்வாகம், அப்புறம் 1998 ஜனவரி 15இல் அமைதியாகக் கைமாறியது. தாக்குதல் இல்லை. செர்பியர்களில் ஒரு பகுதியினர் போனார்கள், பலர் தங்கினார்கள். 2013இல் வுகோவரின் அரசுக் கட்டடங்களில் செர்பிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்தபோது சிலர் சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள். கசப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் சண்டை பலகையோடு நிற்கிறது.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. புயல் நடந்திருக்காவிட்டால் எர்டூட் கையெழுத்தாகியிருக்குமா? சந்தேகம்தான். மூன்று மாதம் முன்பு கிராயினாவுக்கு நடந்ததைப் பார்த்துத்தான் ஸ்லவோனியாத் தலைவர்கள் இறங்கி வந்தார்கள். படைபலம் பயன்படவே பயன்படாது என்று சொல்பவர்கள் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். கையில் பலம் இருந்தும் ஓர் இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் நிறுத்தினார்களே, அதுதான் நான் கவனிப்பது.

தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று நம்புவது

‘முயற்சி செய்து பார்ப்போம், முடியாவிட்டால் இருக்கிறபடி இருக்கட்டும்.’ 2008 ஆகஸ்ட் 7 இரவில் ஜார்ஜிய அரசு, தன்னிடமிருந்து பிரிந்து போயிருந்த தெற்கு ஒசேட்டியாவின் ட்ஸ்கின்வாலி நகர்மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கியபோது இப்படி ஒரு எண்ணம் எங்கோ இருந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் போர் முடிந்தது. எல்லாத் தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 850 பேர். ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக் குழு, வெளிப்படையான போரைத் தொடங்கியது ஜார்ஜியாவின் தாக்குதல் என்றது. பல ஆண்டு சீண்டலுக்கும் எல்லை மீறிய பதிலடிக்கும் ரஷ்யாவையும் குற்றம் சொன்னது.

போருக்கு முன்னால் ஜார்ஜியாவின் கையில் என்ன இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தெற்கு ஒசேட்டியாவுக்குள்ளேயே அகல்கோரி மாவட்டமும் ட்ஸ்கின்வாலியைச் சுற்றிச் சில ஜார்ஜியக் கிராமங்களும் அதன் நிர்வாகத்தில் இருந்தன. பிரிந்து போன இன்னொரு பகுதியான அப்காசியாவில் மேல் கோடோரிப் பள்ளத்தாக்கும் இருந்தது. போருக்குப் பின் எல்லாமே போயின. அந்தக் கிராமங்கள் எரிக்கப்பட்டன, அங்கிருந்தவர்கள் இன்னும் திரும்ப முடியவில்லை. ஆகஸ்ட் 26இல் ரஷ்யா இரண்டு பகுதிகளையும் தனி நாடுகளாக அங்கீகரித்தது.

இங்கே கணக்கு தப்பிய இடம் ஒன்றுதான். எதிரில் நிற்பது சின்னப் பிரதேசத்தின் சின்னப் படை என்று நினைத்தார்கள். பிரிந்து போய்ப் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும் எந்தப் பகுதிக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பெரிய புரவலன் இருப்பான். அவனோடு போரிடத் தயாரா என்பதுதான் அப்போது கேட்கவேண்டிய கேள்வி.

படையெடுப்பையும் பிரிவினையையும் ஒரே தராசில் வைப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டை நாடு எல்லை தாண்டி வந்து பிடித்த நிலத்துக்காகப் போராடுவதும், உள்ளேயே இருக்கும் மக்கள் ‘உங்களோடு வேண்டாம்’ என்று போனதற்காகப் போராடுவதும் ஒன்றல்ல. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்தது முதல் வகை. அங்கே போரிடாமல் இருப்பதற்கும் உயிர்விலை உண்டு, ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்பவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். ‘நிலத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே’ என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த எரித்திரியாவோ நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவோ இரண்டாவது வகை. நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும், அப்காசியாபோல. கலந்து வருகிறது என்பதற்காகப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் தவறான போருக்குச் சரியான போரின் வாதங்கள் கிடைத்துவிடும்.

வென்றால் முடிந்தது என்று எண்ணுவது

1967 மே 30இல் நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா பிரிந்தது. ஜூலையில் அரசு அனுப்பிய படைக்கு வைத்த பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. அது முப்பது மாதம் ஓடியது. இறந்தவர்கள் ஐந்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம்வரை என்று மதிப்பீடுகள் விரிகின்றன. மதிப்பீடு இவ்வளவு விரிவதே ஒரு செய்தி. குண்டடிபட்டுச் செத்தவர்களை எண்ணலாம், முற்றுகையில் பட்டினியால் செத்த குழந்தைகளை யார் எண்ணினார்கள்?

1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்ததும், ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்று அறிவித்தார் நைஜீரியத் தலைவர் கோவன். அது வெறும் வாய்ப்பேச்சு என்று சொல்ல மாட்டேன். பெரிய அளவில் பழிவாங்கல் நடக்கவில்லை. ஆனால் வங்கிக்குப் போய்ப் பாருங்கள். பியாஃப்ரா காலத்தில் கணக்கை இயக்கியவர்களுக்கு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் கைக்கு வந்தது 20 பவுண்டு. ஆயிரம் போட்டவருக்கும் 20தான். போர்ட் ஹார்கோர்ட் நகரில், பியாஃப்ராவின் பெரும்பான்மையினரான இக்போ மக்கள் விட்டு ஓடிய வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ ஆயின. இரண்டு ஆண்டு கழித்து, வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கும் சட்டம் வந்தபோது, கையில் 20 பவுண்டு வைத்திருந்தவர் எதை வாங்குவார்? அரை நூற்றாண்டு கழித்தும் பியாஃப்ரா என்ற பெயர் தெருவுக்கு வந்துகொண்டே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

தமிழில் இதை எழுதிவிட்டு இலங்கையைச் சொல்லாமல் போக முடியாது. 2009 மே மாதம் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அரசு நிலத்தை மீட்டது, அதில் விவாதம் இல்லை. எந்த அரசியல் கேள்வியால் போர் வந்ததோ அது அப்படியே கிடக்கிறது. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உருவாக்கிய மாகாண சபைக்கு வடக்கில் முதல் தேர்தல் நடந்தது 2013இல். 2018இல் அதன் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலே வைக்கவில்லை. புலிகளை ஆதரித்தவர், எதிர்த்தவர் யாரானாலும் இந்த ஒரு விஷயத்தில் கணக்கு ஒன்றுதான்.

விட்டுவிட்டால் அமைதி தானாக வரும் என்று நினைப்பது

இது எதிர்த்தரப்பின் தவறு. எத்தியோப்பியா முப்பது ஆண்டு எரித்திரியாவோடு போரிட்டு, 1993இல் பொதுவாக்கெடுப்புக்குப் பின் பிரிய விட்டது. எல்லைக்கோட்டைச் சரியாகப் போடவில்லை. ஐந்தே ஆண்டில் பத்மே என்ற சிற்றூருக்காக இரண்டு நாடுகளும் மோதின, பல்லாயிரம் வீரர்கள் செத்தார்கள். தென் சூடானில் சுமார் இருபது லட்சம் பேரைக் கொன்ற போருக்குப் பிறகு 2011 ஜூலையில் சுதந்திரம் வந்தது, 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போரும் வந்தது. விடுவது என்று முடிவெடுத்தால் கோடு, எண்ணெய், கடன், குடியுரிமை எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதவேண்டும். அது சலிப்பான வேலை. அதற்குக் கொடி பிடித்து ஆள் வருவதில்லை.

இரண்டே வழிதான் என்று முடிவுகட்டுவது

போர், இல்லையென்றால் சரண். இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு, ஏனென்றால் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

மால்டோவா 1992இல், தன்னிடமிருந்து பிரிந்த டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுடன் சில மாதம் சண்டை போட்டது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், நிறுத்திக்கொண்டது. முப்பது ஆண்டு தாண்டியும் தீர்வு இல்லை, ரஷ்யப் படை அங்கேயே இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்னிஸ்ட்ரியாக்காரர்கள் பலர் மால்டோவா பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள், அவர்கள் சரக்கு பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் போகிறது. 2021இல் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வீழ்த்திய ஷெரிஃப் டிராஸ்போல் கால்பந்து அணி, பிரிந்து போன பகுதியின் தலைநகரிலிருந்து வந்து மால்டோவா சாம்பியன் என்ற தகுதியில் ஆடியது. சைப்ரஸின் நிகோசியா 1974இலிருந்து இரண்டாக வெட்டப்பட்ட நகரம். அதன் இரண்டு பக்க மேயர்களும் 1978இலேயே கழிவுநீரை ஒரே இடத்தில் சுத்திகரிக்க ஒப்புக்கொண்டார்கள். சாக்கடைக்கு எல்லை தெரியாதே.

ஆச்சே இன்னும் தூரம் போனது. இந்தோனேசியாவிலிருந்து பிரிய 1976இல் தொடங்கிய ஆயுதப் போராட்டத்தில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். 2003இல்கூட அரசு இராணுவச் சட்டம் போட்டுப் பெரிய தாக்குதல் நடத்தியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இரு தரப்பும் ஹெல்சிங்கியில் உட்கார்ந்தார்கள், 2005 ஆகஸ்ட் 15இல் கையெழுத்திட்டார்கள். போராளிகள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அரசு எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதத்தை ஆச்சேவுக்கே விட்டது, உள்ளூர்க் கட்சிகளை அனுமதித்தது. சுனாமி வந்த காலையில் பண்டா ஆச்சே சிறையில் இருந்த இர்வாண்டி யூசுஃப் என்ற போராளி கூரை வழியாகத் தப்பினார். இரண்டு ஆண்டு கழித்து நடந்த தேர்தலில் அவரே ஆளுநர். எந்தப் படையும் ஆச்சேவை இந்த அளவுக்கு இந்தோனேசியாவோடு சேர்த்திருக்க முடியாது.

சரி, எனக்கே தடுமாற்றம் தரும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நாகோர்னோ-கராபாக், அசர்பைஜானிலிருந்து ஆர்மீனியர்கள் பிரித்துக்கொண்ட மலைப்பகுதி. 1990களின் போரில் அங்கிருந்தும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் லட்சக்கணக்கான அசர்பைஜானியர்கள் விரட்டப்பட்டார்கள். அக்தாம் என்ற நகரம் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, மசூதி மட்டும் நின்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டு பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2020இல் 44 நாள் போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள், அசர்பைஜான் பெரும்பகுதியை மீட்டது. அந்தப் போருக்கு நியாயம் இல்லை என்று அக்தாம்காரர் ஒருவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அவர்கள் திரும்பும் வழியெங்கும் கண்ணிவெடி. போர் முடிந்த பிறகும் அதில் ஆள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 19இல் மிச்சம் இருந்த பகுதியும் ஒரே நாளில் விழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு லட்சம் ஆர்மீனியர்கள் மலைப்பாதையில் வரிசையாக வெளியேறினார்கள். அக்டோபர் 2ஆம் தேதி கடைசிப் பேருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் 15 பேர், நடக்க முடியாதவர்களும் நோயாளிகளும்.