கான்சாஸ் சமவெளியில் டர்க்கி ரெட் கோதுமை விளைவிக்கும் முறை

டர்க்கி ரெட் என்னும் செங்கோதுமையைப் பயிரிட விரும்புவோர், விதையைத் தேடுவதற்கு முன் பருவத்தைக் கணக்கிட வேண்டும். வசந்த காலத்தில் விதைத்தால் இது தூர் கட்டிப் படருமே தவிரக் கதிர் விடாது. முளைத்த பயிர் சில வாரங்களேனும் குளிரில் கிடந்தாக வேண்டும். ராணுவச் சேவையிலிருந்து தங்களுக்கு இருந்த விலக்கை ரஷ்யப் பேரரசு திரும்பப் பெற முனைந்ததால் அங்கிருந்து புறப்பட்டு, 1874இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சாண்டா ஃபே ரயில் நிறுவனத்திடம் நிலம் வாங்கிக் குடியேறிய, போரில் ஈடுபட மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான மென்னனைட் உழவர்கள், இன்றைய உக்ரைனின் புல்வெளிகளில் பழகிய இந்தக் கணக்கையும் உடன் கொண்டு வந்தனர். பிள்ளைகள் மணி மணியாகப் பொறுக்கிய விதை பெட்டிகளில் வந்தது என்பது குடும்பங்களில் வழங்கும் கதை. பின்னாளில் பெருமளவு விதையைத் தருவித்தவர் ஆலை உரிமையாளர் பெர்னார்ட் வார்க்கென்டின்.

கோடையிலேயே உழுது களை நீக்கி, நிலத்தில் ஈரத்தைச் சேமித்து வைக்கவும். செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள், ஏக்கருக்கு ஏறத்தாழ 27 கிலோ விதையை ஒன்றரை அங்குல ஆழத்தில் விதைக்கவும். அவசரப்பட்டு முன்கூட்டி விதைத்தால் ஹெஸ்ஸியன் ஈ இளம்பயிரில் முட்டையிடும். மிகவும் தாமதித்தால் வேர் பிடிக்குமுன் உறைபனி வந்துவிடும். பனிக்காலம் முழுதும் ஒடுங்கிக் கிடக்கும் பயிர் மார்ச்சில் துளிர்த்து, கோடையின் அனல்காற்று உச்சம் அடையுமுன் ஜூன் இறுதியை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். இவ்வினம் அச்சமவெளியில் நிலைத்ததற்கு இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

தழைச்சத்தை அளவோடு இடவும். நான்கடி உயரம் வளரும் தாள், உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். (இதே டர்க்கி ரெட்டை ஜப்பானில் குட்டை இனத்தோடு கலந்து பெற்ற நோரின் 10 இரகத்தின் குட்டைத்தன்மைதான், பிற்பாடு பசுமைப் புரட்சியின் கோதுமைகள் வழியே பஞ்சாப் வயல்களுக்கு வந்து சேர்ந்தது.)

மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து, மாவாக நசுங்காமல் நறுக்கென உடைந்தால் அறுக்கலாம். குடியேறியவர்கள் தாள்களைக் களத்தில் பரப்பி, பற்கள் வெட்டிய சுண்ணாம்புக்கல் உருளையைக் குதிரை பூட்டி இழுத்துச் சூடடித்தனர். சிறு பாத்திக்குத் தடியால் அடித்துத் தூற்றினாலே போதும்.

அரைப்பதில்தான் அன்று சிக்கல் எழுந்தது. மென்கோதுமைக்குப் பழகிய ஆலைக்காரர்கள் திரிகைக்கல்லுக்கு எளிதில் மசியாத இந்தக் கெட்டி மணியை விரும்பவில்லை. எஃகு உருளை ஆலைகள் பரவிய பிறகே இதற்கு உரிய மதிப்பு கிடைத்தது. வீட்டில் சலித்த வெள்ளை மாவு வேண்டுவோர், மணியின் மேல் சிறிது நீர் தெளித்துப் பிசறி, ஓரிரவு மூடி வைத்து அரைத்தால், தவிடு பொடியாகாமல் தகடு தகடாகப் பிரியும்.