பனிக்கால இருமலும் எட்டு மாதக் குழந்தையும்: மூக்கிலிருந்து தொடங்குங்கள்

கார்த்திகை தீபத்தன்று எங்கள் இளையவன் இருமத் தொடங்கினான். தைப்பூசம் வந்தபோதும் இருமிக்கொண்டுதான் இருந்தான். அப்போது அவனுக்கு எட்டு மாதம். குன்னூரின் டிசம்பர் இரவுகளில் பெரியவர்களுக்கே மூக்கு அடைத்துக்கொள்ளும். அவன் பாலும் சளியுமாகக் கக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழுவான். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக் கற்றதையும், நான் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். தூக்கம் கெட்ட ஒரு தகப்பன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. குழந்தைக்கு மூன்று மாதம் முடியவில்லை, காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 1: காலண்டரில் குறித்து வையுங்கள்

தினசரிக் காலண்டர் தாளிலேயே மூன்று விஷயங்களை எழுதினேன்: காய்ச்சல் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா, சிரித்து விளையாடினானா. ஐந்தாவது வாரம் அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒரே இருமல் ஐந்து வாரமாக நீளவில்லை. முதல் சளி பத்து நாளில் தணிந்திருந்தது. எல்.கே.ஜி. படிக்கும் அக்கா பள்ளியிலிருந்து அடுத்ததைக் கொண்டுவந்தாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் மூன்றாவது வந்து சேர்ந்தது.

சாதாரணச் சளிக்குப் பிறகு இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் தங்குவது வழக்கம். அது போவதற்குள் அடுத்த வைரஸ் தொற்றிவிட்டால் முடிவே இல்லாததுபோலத் தோன்றும். நடுவில் நல்ல நாட்கள் இருக்கின்றனவா என்பதைத்தான் மருத்துவரும் முதலில் கேட்டார். காலண்டரை நீட்டினேன். சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறியதைப் பார்த்து ஆன்டிபயாடிக் கேட்கப் போயிருந்தேன். நிறம் மாறுவது மட்டும் அதற்குக் காரணமாகாது என்று அனுப்பிவிட்டார்.

படி 2: மூக்கைத் திறந்துவிடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். இருமலை நிறுத்துவது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இரவு இருமலில் பெரும்பங்கு மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்குவதால் வருகிறது. கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடுகிறார்கள். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, தூங்கவும் முடியாது.

மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான சலைன் (உப்புநீர்) மூக்குச் சொட்டு கிடைக்கும். அட்டையில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்ற பெயர்கள் இருந்தால் அது வேறு மருந்து. மருத்துவர் எழுதித் தராமல் கைக்குழந்தைக்கு விடக் கூடாது. இரண்டு புட்டிகளும் ஒரே அளவில், ஒரே சாயலில் இருக்கும். கடைக்காரர் எடுத்துத் தந்ததை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் செய்த முதல் தவறு, அவனை மடியில் உட்காரவைத்துச் சொட்டு விட்டது. விட்டதெல்லாம் உதட்டுக்கு வழிந்தது. இரண்டாவது தவறு, விட்ட மறுநொடியே சளி உறிஞ்சும் கருவியால் உறிஞ்சியது. ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்ற எரிச்சலில் ஒரு நாளைக்கு எட்டு முறை உறிஞ்சியது மூன்றாவது தவறு. உள்ளே புண்ணாகி, நான்காம் நாள் சளியோடு இரத்தக் கோடு வந்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைச் செவிலியர் முறையாகச் செய்து காட்டினார்.

ஒரு சிறு துண்டைச் சுருட்டித் தோளுக்குக் கீழே வைத்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். தலை லேசாகப் பின்னால் சாயும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. பிறகு ஒரு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். அழுவான்; அழட்டும், அதிலேயே பாதி இளகிவிடும். நான் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அழுகையின்போது பதினைந்து நொடி ஒரு நிமிடமாகத் தெரியும். அதன் பிறகு தூக்கி நிமிர்த்தி, கருவியின் நுனியைத் துளையின் வாயில் மட்டும் பொருத்தி மெதுவாக இழுங்கள். உள்ளே நுழைக்க வேண்டாம். பால் கொடுப்பதற்கு முன்பும், தூங்கவைப்பதற்கு முன்பும் செய்தால் போதும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பால் குடித்தவுடன் செய்தால் குடித்தது முழுவதும் உங்கள் சட்டையில் இருக்கும்.

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ரப்பர் உருண்டையை வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்ததை ஒரு நாள் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. ஒரு முனையை நாம் வாயில் வைத்து இழுக்கும் குழாய் வகை, பார்க்க அருவருப்பாக இருந்தாலும், சிறந்தது. நடுவில் வடிகட்டிப் பஞ்சு இருப்பதால் சளி நம் வாய்க்கு வராது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பதும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றிக் கழுவலாம்.

குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவையே உண்டாக்கக்கூடும் என்று மருத்துவர் அத்தையிடம் நேரிலேயே சொன்னார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

படி 3: மூச்சை எண்ணுங்கள்

இருமல் சத்தம் எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. குழந்தை தூங்கும்போது, அல்லது அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை இது: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்குத்துளை விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாய்வது, மூச்சு நின்று நின்று வருவது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைக் குழந்தைக்கு மாட்டிப் பார்த்து இரவெல்லாம் நடுங்கினேன். சின்ன விரலில் அது சரியாகக் காட்டாது. அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

படி 4: பால்

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, அல்லது சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றால் மருத்துவரிடம் போங்கள்.

படி 5: அறை

மலையில் கணப்பு மூட்டாத வீடு குறைவு. குழந்தை தூங்கும் அறைக்குள் கரிக் கணப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எல்லாமே இருமலைக் கிளறும் புகைதான். சாம்பிராணிக்கு வீட்டில் ஒரு வாரம் போர் நடந்தது. தலைமுடியை வெயிலில் காயவைப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

படி 6: கொடுக்கக் கூடாதவை

இருமல் சிரப் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம், இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்று அறிவுறுத்தியது. நல்ல சிரப்பாக இருந்தாலும் இந்த வயதில் அதனால் பலன் இல்லை. ஆபத்து மட்டும் உண்டு.

ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த கடைத் தைலங்களும் ஆகாது. கொதிநீர் ஆவி பிடிக்கவைத்துச் சுட்டுக்கொண்ட குழந்தைகளின் கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கும்.

மூன்று வாரம் தாண்டியும் நல்ல நாளே வராமல் இருமினால், எடை குறைந்தால், தொடர்ந்து இருமி முகம் சிவந்து கக்கினால் மீண்டும் காட்டுங்கள். கக்குவான் இருமலாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 1: காய்ச்சல் மருந்து பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் வீட்டில் நடக்கவிருந்த விபத்தைப் படித்துத் திடுக்கிட்டேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தாகவும் வருகிறது, சிரப்பாகவும் வருகிறது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கே 100 மி.கி.; சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. எட்டுக் கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம், ஒரு வேளைக்கு 120 மி.கி. என்றால் முதல் வகைச் சிரப்பில் ஐந்து மில்லி, சொட்டு மருந்தில் 1.2 மில்லி. சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து ஊற்றினால் நான்கு மடங்குக்கும் மேல் போய்விடும். எத்தனை மில்லி என்று மருத்துவர் சொன்னால், எந்தப் புட்டி என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: மூச்சு 54 வந்துவிட்டது என்று ஒருவர் நள்ளிரவில் எழுதியிருந்தார். குழந்தை அப்போதுதான் அழுது ஓய்ந்திருக்கிறது. மூக்கைச் சுத்தம் செய்து, தூங்கியபின் மறுபடி எண்ணச் சொன்னேன். 38 வந்தது. குறையாமல் இருந்திருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பச் சொல்லியிருப்பேன்.