வண்டி உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது

வட கரோலினாவில் வீடு வாங்கியபோது முக்கால் ஏக்கர் புல்லையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. தள்ளுகிற மெஷினோடு ஒரு கோடை மல்லுக்கட்டிவிட்டு, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பிளேடு சுற்றுகிற அடிக்கூடு, அதாவது டெக், 42 அங்குலம். இன்ஜின் சக்தியை ஆயில் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். போன மே மாதம் கொல்லைச் சரிவில் ஏறும்போது அப்படியே நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பிளேடு சுற்றுகிறது, பெடலை மிதித்தால் வண்டி மட்டும் அசையவில்லை. பழுது பார்க்கும் கடையில் போனிலேயே சொல்லிவிட்டார்கள், டிரான்ஸ்மிஷன் போயிருக்கும், புதிது போட வேண்டும் என்று. கோளாறு இருந்தது விரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டில்.

அதனால் டிரான்ஸ்மிஷனைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். முதலில் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருங்கள்.

வண்டியின் பின்பக்கம், டிரெய்லர் மாட்டுகிற இடத்தருகே ஒரு கம்பி இருக்கும். இன்ஜின் ஓடாதபோது கையால் தள்ளுவதற்கானது அது. அதை இழுத்தால் உள்ளே ஆயிலுக்குக் குறுக்குவழி திறந்துகொள்ளும். அழுத்தம் சேராது, சக்கரம் ஓடாது. வண்டியை ஓரங்கட்டியவர் கம்பியைத் திரும்பத் தள்ள மறந்திருந்தால் அவ்வளவுதான், டிரான்ஸ்மிஷன் செத்த மாதிரியே இருக்கும். கம்பி ஓட்டும் நிலையில் இருக்க, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தால் நல்லது. என்னுடையது தள்ளுவண்டி போல உருண்டது.

அடுத்தது சக்கரம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இப்போது ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். நடுவில் இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர அமைப்பு, டிஃபரன்ஷியல், இருப்பதால் அப்படி. என் வண்டியில் இடது சக்கரத்தைச் சுற்றினேன், வலது சும்மா இருந்தது. இடது சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினால், சக்கரம் மட்டும் சுற்றுகிறது, அது மாட்டியிருக்கிற அச்சின், அதாவது ஆக்சிலின், முனை அசையவே இல்லை. இரண்டையும் பிணைக்கிற சதுரக் கம்பித் துண்டைத்தான் கீ என்பார்கள். எனக்கு 3/16 அங்குலக் கனம். தேய்ந்து, பாதி உடைந்து கிடந்தது. ஒரு பக்கம் கீ போனாலே போதும், சக்தி முழுக்க அந்த வெற்று ஆக்சிலைச் சுற்றுவதில் போய்விடும், வண்டி நகராது. கிளிப், வாஷரை எடுத்துச் சக்கரத்தை உருவி, ஆக்சிலைத் துடைத்து கிரீஸ் தடவிப் புதுக் கீ போட்டேன். அந்தக் கிளிப் தெறித்துப் புல்லுக்குள் விழுந்து, அதைத் தேடியதுதான் இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது. கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

கீ சரியாக இருந்தால் பெல்ட். பிளேடுக்கு ஒன்று, டிரான்ஸ்மிஷனுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். பிளேடு ஓடுகிறதே என்று இரண்டாவதைப் பார்க்காமல் விடாதீர்கள். எங்கள் ஊர் மாவு மில்லில் பெல்ட் வழுக்கும்போது வருகிற அதே கிறீச் சத்தம் இங்கும் வரும். பக்கவாட்டில் கண்ணாடி போல மினுமினுத்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றுங்கள். கழற்றும் முன் பெல்ட் போகிற வழியைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் மேட்டில் திணறினால் அது வேறு கதை. டிரான்ஸ்மிஷன் தலையில் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அதன் இறக்கை உடைந்திருக்கலாம், அல்லது சுற்றிலும் காய்ந்த புல் அப்பி மெத்தை போட்டிருக்கலாம். பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். அப்படியும் திணறினால் ஆயில் நீர்த்திருக்கும். சில டிரான்ஸ்மிஷன்களில் ஆயில் வடிக்க போல்ட்டே கிடையாது. இறக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். எந்த ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள், கையில் இருப்பதை ஊற்றாதீர்கள்.

ஆயில் மாற்றியபின் உள்ளே காற்று சிக்கும். பின்சக்கரங்கள் தூக்கிய நிலையில், பின்கம்பியை இழுத்துவிட்டு, பிளக் வயரை மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். பெடலை முன்பக்கம் ஐந்து விநாடி, பின்பக்கம் ஐந்து விநாடி, இப்படி மூன்று தடவை மெதுவாக மிதியுங்கள். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, கம்பியை உள்ளே தள்ளி, திரும்ப ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அந்த நேரம் குழந்தைகள், நாய் யாரும் பக்கத்தில் வேண்டாம்.

ரிவர்ஸ் போட்டதும் இன்ஜினே அணைந்தால் பயப்படாதீர்கள். பிளேடு சுற்றும்போது பின்னால் போகக் கூடாது என்று பல வண்டிகளில் வைத்திருக்கிற பாதுகாப்பு ஏற்பாடு அது.

இவ்வளவும் பார்த்து எதுவும் சிக்கவில்லை, கவிழ்த்த ஆயிலில் இரும்புத் தூள் மினுங்குகிறது என்றால், சரி, கடைக்காரர் சொன்னது உண்மைதான். புது டிரான்ஸ்மிஷன் விலையையும், பக்கத்துத் தெருவில் விற்பனைக்கு நிற்கிற பழைய வண்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.