இன், ஆன், அட்: கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சித்தாள் எழுதுவது எப்படி?

முட்டத்தில் மாலை வகுப்புக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய முதல் ஆங்கிலப் பயிற்சித்தாளில் பத்து வினாக்களுள் நான்கில் பிழை வினாவிலேயே இருந்தது. பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை மாற்றி எழுதிய முறை இது.

படி 1: ஒரு தாளுக்கு ஒரு விதி போதும். கடலில், சுவரில், வீட்டில் என்று நம் ‘இல்’ உருபு ஒன்றே செய்யும் வேலையை ஆங்கிலம் இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரித்திருப்பதால், நம் பிள்ளைகள் இடறும் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களால் வாக்கியம் அமையுங்கள். புதிய சொல் 50க்கு ஒன்றைத் தாண்டினால், பிள்ளை தவறியது இலக்கணத்திலா சொற்பொருளிலா என்று திருத்துபவருக்கே விளங்காது.

படி 3: கோடு போடுவது. நான் வழுக்கி விழுந்த இடம் இது. ‘தி போட் இஸ் ____ தி ஸீ’ என்று எழுதி, விடை ‘ஆன்’ என்று வைத்திருந்தேன். ஒரு மாணவி ‘நியர்’ என்று எழுதியதைத் தவறென்று அடித்தபோது அவள் கேட்டாள்: “டீச்சர், வள்ளத்தைக் கரையில கேத்தியாச்சுல்லா, அப்போ நியர்தானே?” மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். மூன்று சொற்களையும் தாளின் மேலே கட்டத்துக்குள் எழுதிவிட்டால் ‘நியர்’ வராது. ஆனால் ‘இன்’, ‘ஆன்’ இரண்டும் அந்தக் கோட்டில் பொருந்தும் சிக்கல் அப்படியே இருக்கும். ஆகவே விடை ஐயமின்றி அமையும் காலச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவைப் பற்றி எழுதினால், டிசம்பர் என்று மாதம் மட்டும் வரும்போது ‘இன்’, டிசம்பர் 3 என்று தேதியும் சேர்ந்தால் ‘ஆன்’, 5 மணி என்றால் ‘அட்’. இடத்தைக் குறிக்கும் வாக்கியங்களுக்கு, சுவரில் கடிகாரம், வாளியில் மீன் என்று பக்கத்திலேயே படம் வரைந்துவிடுங்கள்.

படி 4: விடைக்குறிப்பைக் காட்டாமல், ஆங்கிலம் அறிந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கோட்டிலும் பொருந்தக்கூடிய எல்லாச் சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு விடை வரும் வாக்கியத்தைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயன்று நான் வீணாக்கிய மாலைகள் பல.

படி 5: தட்டச்சுக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போதும். ஆங்கில எழுத்துருவாக ஏரியலை நான் தொடுவதில்லை; அதில் பெரிய ‘ஐ’யும் சின்ன ‘எல்’லும் ஒரே குச்சியாகத் தெரியும். தொடக்க நிலை வாசகர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஆண்டிகா இலவசமாகக் கிடைக்கிறது. பிடிஎஃப் ஆக்கிய பிறகே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கடைக் கணினியில் எழுத்துரு மாறிக் கோடுகள் அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

பின்சேர்க்கை: மார்த்தாண்டத்து ஆசிரியை ஒருவர், இம்முறையில் எழுதிய தாளில் ‘ஐ ஆம் ____ தி பஸ்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு விடைகளும் வந்ததாக எழுதியிருந்தார். பேருந்துக்கு ‘ஆன்’ என்பதே பெருவழக்கு என்றாலும் ‘இன்’ என்பதும் தவறன்று; ஆகவே வண்டிகளைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்டேன். பேருந்து, ரயில், கப்பல் என உள்ளே எழுந்து நடக்க இடமுள்ளவற்றுக்கு ‘ஆன்’. கார், ஆட்டோ எனக் குனிந்து நுழைந்து உட்கார்பவற்றுக்கு ‘இன்’ என்று சொல்லிக்கொடுக்கலாம். பைக் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதில் நடக்கவும் முடியாது, நுழையவும் முடியாது, ஆனாலும் ‘ஆன்’தான்.