சதுப்பு ஓக் சுங்கானும் மலையகத்து ஈரமும்

சதுப்பு ஓக் மரத்தில் செய்த சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) நெருப்பால் கெடுவது குறைவு. இலங்கை மலையகத்தில் அதைக் கெடுப்பது ஈரம். அதைவிட மோசம், ஈரத்திலிருந்து திடீரென வறண்ட இடத்துக்குப் போவது. ஜூன் மாதத்தில் வட்டவளை மழைக்குள் ஊறிக் கிடந்த சுங்கானை மறுநாள் பண்டாரவளைக்குக் கொண்டுபோய், காற்றடிக்கும் ஜன்னலோரத்தில் வைத்தால், வாய்க்குழல் செருகும் கழுத்தில் மயிரிழை வெடிப்பு விழ அதுவே போதும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கிற அதே மாதங்களில்தான் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஊவாவுக்கு மழை. பராமரிப்பானாலும் பழுது வேலையானாலும் இந்தக் கணக்கை மறந்தால் கைக்காசுதான் நட்டம்.

இந்த ஓக் நம் மண்ணின் மரமில்லை. ஐரோப்பாவின் பீட் (மட்கிய தாவர மண்) சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றுப்படாமல் புதைந்து கிடந்தது. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சதுப்பு நீரிலுள்ள இரும்பும் கூடி உள்ளும் புறமும் கறுப்பாக்கிவிடுகின்றன. சாயத்தண்ணி பட்ட இரும்புக் கத்தி கறுத்துப்போவதும் இதே வேலைதான். பிரான்சில் லுவார் ஆற்று முகத்துக்கு வடக்கே உள்ள சதுப்பில் எடுக்கும் மரத்துக்கு அங்கே ‘மோர்ட்டா’ என்று பெயர். இப்போது எந்த நாட்டில் எடுத்தாலும் சுங்கான் செய்பவர்கள் அப்படியே அழைக்கிறார்கள். கல்லாகிப்போன மரம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அது இன்னும் மரம்தான், நீர் குடிக்கும், காயும், வெடிக்கும்.

வழக்கமான சுங்கான் பிரையர் மரத்தின் வேர்க்கட்டியில் செய்யப்படுவது. அதன் நார்கள் கண்டபடி பின்னிக் கிடப்பதால் வெடிப்பு தூரம் ஓடாது. ஓக் பலகை மரம். நார் நேராகப் போகும், வெடிப்பும் அதோடு நேராகப் போகும். அதனால் பிரையருக்குச் செய்கிற வைத்தியத்தை அப்படியே இதற்குச் செய்யக் கூடாது.

வாங்கும்போது

பழைய துரை பங்களாச் சாமான்களோடு வருவதும், வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதும்தான் இங்கே அதிகம். கறுப்பாக இருப்பதெல்லாம் சதுப்பு ஓக் இல்லை. சாயம் பூசிய பிரையரும் பேரி மரமும் உண்டு. வாய்க்குழலைக் கழற்றி, கழுத்தின் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சாயம் பூசியதென்றால் உள்ளே செம்மண் நிறம் தெரியும். சதுப்பு ஓக் உள்ளேயும் கறுப்பு அல்லது கருங்கபிலம். வெளியே நாரோடு ஓடும் ஊசிக்கீறல் போன்ற நுண்துளைகளை நகத்தால் உணரலாம்.

அளவுகளையும் பார்த்துவிடுங்கள். புகையிலை அறையின் விட்டம் 18 முதல் 20 மில்லிமீற்றர், காற்றுத்துளை 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட, அறைச் சுவரின் தடிப்பு 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல். காற்றுத்துளை அறையின் அடிமட்டத்தில் திறக்க வேண்டும். அடியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே திறந்திருந்தால் எரியாத ஈரப் புகையிலை அங்கேயே தேங்கும். இந்தச் சீதோஷ்ணத்தில் அது நாறும்.

பழக்குவதும் வைத்திருப்பதும்

புதிய அறையை முதல் நாலைந்து தடவை மூன்றிலொரு பங்கு, பிறகு அரைவாசி, அதன் பிறகே முழுசாக நிரப்புங்கள். சுவரில் மெல்லிய கரிப்படை ஏறுவதே நோக்கம். சதுப்பு ஓக்குக்கு 1 மில்லிமீற்றர் படை தாராளம். அதற்கு மேல் தடித்தால் சூட்டில் மரம் ஒரு அளவுக்கும் கரி ஒரு அளவுக்கும் விரிந்து சுவரைப் பிளக்கும். மேலதிகக் கரியைக் கத்தி முனையால் சுரண்டாதீர்கள். ஒரு பென்சிலில் 220 இலக்க சாண்ட் பேப்பரைச் சுற்றி உள்ளே திருப்பினால் சீராக வரும்.

பிடித்து முடிந்ததும் வாய்க்குழலை உடனே உருவாதீர்கள். சூட்டில் மரமும் குழலும் இறுகி நிற்கும். அந்த நேரத்தில் திருகினால் கழுத்து பிளக்கும், இல்லாவிட்டால் கழுந்து முறியும். (குழலின் முனையில் துளைக்குள் போய் இருக்கும் சிறு உருளையைத்தான் கழுந்து என்கிறோம், தச்சர்கள் சொல்லும் அதே கழுந்து.) குழலோடேயே ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) உள்ளே விட்டு ஈரத்தை இழுத்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு கழற்றித் துடையுங்கள்.

வறண்ட காலத்தில் ஒரு நாள் ஓய்வு போதும். அட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழைக்காலத்தில் மூன்று நாளாவது விடுங்கள். காய வைக்கிறோம் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்றுக்கு முன்னால் வைப்பது, பூஞ்சணத்துக்காக பல்ப் எரிகிற அலுமாரிக்குள் பல்புக்குப் பக்கத்தில் செருகுவது, மூன்றுமே வெடிப்புக்கு வழி. காற்றோட்டமுள்ள அறையில், வெயில் படாமல், புகையிலை அறையின் வாய் கீழ்நோக்கி நிற்க வைத்தால் சரி. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அடைப்பதும் வேண்டாம். அது மரத்தை அளவுக்கு மீறிக் காயவிடும்.

துப்புரவுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோல், 90 வீதத்துக்கு மேல். பைப் கிளீனரின் நுனியை நனைத்தால் போதும், ஊற்றக் கூடாது. நிறம் சேர்த்த அடுப்பு ஸ்பிரிட்டில் மெதனோல் இருக்கும். வாயில் வைக்கிற பொருளுக்கு அது ஆகாது. சாராயமும் சரிவராது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத் தண்ணீர், அந்தத் தண்ணீர் நாரைக் கிளப்பிவிடும். அறையில் உப்பு நிரப்பி ஸ்பிரிட் ஊற்றி இரவு முழுக்க விடும் முறை பிரையருக்கே ஆபத்து, இதற்கு வேண்டவே வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவி மினுக்குகிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். நுண்துளைக்குள் போன எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணத்துக்கும் அதுவே தீனி.

வாய்க்குழல் தளர்ந்தால்

முதலில் இரண்டு நாள் பொறுங்கள். பிடித்த கையோடு துளைச் சுவர் ஈரத்தில் பருத்து இறுகும், காய்ந்தபின் தளரும். காய்ந்த நிலையிலும் குழல் தானாகக் கழன்று விழுந்தால்தான் அது பழுது.

எபொனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) குழலென்றால் கழுந்தைக் கொஞ்சம் பெருக்கலாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்துவிடும். எபொனைட் இளக அதுவே போதும். கழுந்தை மட்டும் ஒரு நிமிடம் கொதிநீரில் பிடித்து, 4.2 மில்லிமீற்றர் துரப்பண ஊசியின் வழவழப்பான அடிப்பக்கத்தைக் காற்றுத்துளைக்குள் 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நேராகச் செலுத்துங்கள். ஊசியோடேயே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி ஆறவிட்டுப் பிறகு உருவுங்கள். 0.1 மில்லிமீற்றர் பெருத்தாலே பிடி வந்துவிடும். ஆசைப்பட்டு அதற்கு மேல் பெருக்கினால் அடுத்த மழையில் கழுத்துத்தான் பிளக்கும். அக்ரிலிக் குழலை இப்படிச் சூடாக்காதீர்கள், விரிசல் விடும். கழுந்தில் தேன்மெழுகை மெல்லத் தேய்த்து விடுங்கள். மாறாக இறுக்கம் என்றால் கழுந்தில் 2பி பென்சிலால் கிறுக்கினாலே வழுக்கும்.

எபொனைட் வெயிலில் மஞ்சள் பச்சையாக மாறி கந்தக வாடை அடிக்கும். 400, 600, 1000, 2000 என்ற வரிசையில் தண்ணீர்ச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் கறுப்புத் திரும்பும். தேய்க்கும்போது யோகட் மூடியில் வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, கழுந்தில் மாட்டிக்கொண்டால் கழுத்தோடு பொருந்தும் விளிம்பு மழுங்காது.

கழுத்து வெடித்தால்

நிதானம் வேண்டிய வேலை இதுதான். கறுப்பு மரத்தில் வெடிப்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பஞ்சில் அல்ககோல் நனைத்துக் கழுத்தைச் சுற்றி ஒருமுறை துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு சில விநாடிகளில் காய்ந்துவிடும். வெடிப்புக்குள் போனது மட்டும் ஈரக்கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் முனையை வெள்ளைப் பென்சிலால் குறியுங்கள். அங்கிருந்து நாரோட்டத்தில் 2 மில்லிமீற்றர் தள்ளி, 1 மில்லிமீற்றர் ஊசியால் கைத்துரப்பணத்தில் சிறு துளை போடுங்கள். ஆழம் 2 மில்லிமீற்றர் போதும், உட்சுவரைத் தாண்டக் கூடாது. வெடிப்பு ஓடி வந்து இந்த வட்டத்துளையில் நின்றுவிடும். துளையைக் குறி மேலேயே போடுகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் உண்மையான முனை கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்று அப்பால்தான் இருக்கும்.

இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு பசை. தண்ணீர்போல ஓடும் மெல்லிய சூப்பர் குளூ வேண்டும், ஜெல் வகை உள்ளே இறங்காது. இந்தப் பசை ஈரத்தால்தான் இறுகும். மலையக மழைநாளில் வெடிப்பின் வாயிலேயே இறுகி, உள்ளே வெறுமையாக விட்டுவிடும். மேலே வெள்ளைப் படலமும் பூக்கும். வெயில் வந்த நாளின் நடுப்பகலில் செய்யுங்கள், அல்லது கழுத்தை உள்ளங்கையில் பத்து நிமிடம் வைத்து இளஞ்சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். குழல் செருகும் துளைக்குள் தேன்மெழுகு தடவிய குச்சியைத் தளர்வாகச் செருகிக்கொண்டால் பசை உள்ளே ஒழுகி ஒட்டாது. ஊசி முனையில் ஒரு துளி எடுத்து வெடிப்பில் தொட்டால் கோடு நெடுக அது ஓடி மறைவதைப் பார்க்கலாம். ஓட்டம் நின்றதும் நூலால் இறுகச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். நிறுத்தத்துளைக்கு, கழுத்தின் உள்விளிம்பில் சுரண்டிய சொந்த மரத்தூளைத் திணித்து ஒரு துளி பசை விட்டால் இடமே தெரியாது. தூளை மூச்சில் இழுக்காதீர்கள். ஓக் தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் கெடுதி, முகக்கவசம் கட்டாயம்.

பசை மட்டும் தாங்காது, பட்டி வேண்டும். நகை செய்யும் பத்தரிடம் 0.5 மில்லிமீற்றர் தடிப்பு, 5 மில்லிமீற்றர் அகலத்தில் வெள்ளிப் பட்டி செய்விக்கலாம். கழுத்தின் விட்டத்தை வேர்னியர் அளவியால் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். சுங்கானையே கொடுத்துவிட்டு வந்தால் ஊதுலை வேலை நடக்கிற மேசையில் அது கிடக்கும். பட்டி உட்காரும் இடத்தை 0.5 மில்லிமீற்றர் குறைத்து, இரு கலவை எபொக்சியால் ஒட்டுங்கள். குளிரான இரவில் எபொக்சி மெதுவாகத்தான் இறுகும். பொதியில் 24 மணி நேரம் என்றிருந்தால் நுவரெலியாவில் இரண்டு நாள் தொடாமல் விடுவது நல்லது.

கழுந்து முறிந்து உள்ளே நின்றால்

மரம் நன்றாகக் காய்ந்திருந்தால், பிளாஸ்டிக் பையில் சுற்றி பிரீசரில் இருபது நிமிடம். எபொனைட் மரத்தைவிட அதிகம் சுருங்குவதால் பிடி தளரும். காற்றுத்துளையை விடச் சற்றே தடித்த மர ஸ்குரூவை இரண்டே சுற்று ஏற்றி நேராக இழுங்கள். மூன்றாவது சுற்று கழுந்தை விரிக்கும், நேர் நார் மரம் உடனே பிளந்துவிடும். புதுக் கழுந்துக்கு டெல்ரின் (கெட்டியான வழவழப்புப் பிளாஸ்டிக்) கம்பி நல்லது; லேத் பட்டறையில் அல்லது தேயிலைத் தொழிற்சாலை பிட்டரிடம் கடைந்துகொள்ளலாம். குழலில் 12 மில்லிமீற்றர் ஆழத்துக்கு 4.5, 5, 5.5, 6 மில்லிமீற்றர் என்று படிப்படியாகத் துளையைப் பெருக்குங்கள். டெல்ரினில் பசை லேசில் பிடிக்காது. ஒட்டும் பகுதியில் அரத்தால் வளையக் கீறல்கள் போட்டுவிட்டு எபொக்சி இடுங்கள். உள்ளே பைப் கிளீனர் ஒன்றை விட்டுவைத்தால் காற்றுத்துளை அடைபடாது.

அறை எரிந்தால்

பிரையரில் உள்ளே எரிந்தால் வெளியே கறுத்துக் காட்டிக்கொடுக்கும். இது ஏற்கெனவே கறுப்பு, ஒன்றும் தெரியாது. பிடிக்கும்போது விரலால் சுற்றித் தடவுங்கள். ஒரே இடம் மட்டும் தொட முடியாத சூடென்றால் நிறுத்திவிட்டு, ஆறியபின் அறைக்குள் பாருங்கள். கரி மாவாக உதிர்ந்தால் கெட்டியான மரம் தென்படும்வரை சுரண்டுங்கள். யாழ்ப்பாணச் சுருட்டின் சாம்பலைத் துணியில் சலித்து, சில துளி தண்ணீரில் பசையாகக் குழைத்து, பள்ளத்தில் 1 மில்லிமீற்றர் படையாகப் பூசி ஐந்து நாள் காயவிட்டு, இன்னொரு படை போடுங்கள். சூப்பர் குளூ, எபொக்சி போன்ற பசைகளை அறைக்குள் கொண்டுபோகவே கூடாது, எரிந்தால் நச்சுப் புகை. பிறகு சில வாரம் அரை அறை நிரப்பி, மெதுவாகவே இழுக்க வேண்டும்.

வெளி விளிம்பு தேய்ந்து வெளிறினால் நம் தேயிலையே கைகொடுக்கும். சவர்க்காரத்தில் கழுவிய இரும்புப் பஞ்சை 200 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரியில் மூன்று நாள் ஊறவிட்டு வடியுங்கள். போத்தலை இறுக மூடாதீர்கள், வாயு உண்டாகும். இரண்டு கரண்டி தூளில் அரைக் கோப்பைக் கடும் சாயம் போட்டு விளிம்பில் தடவி, காய்ந்ததும் இரும்புக் கரைசலைத் தடவினால் சில நிமிடத்தில் கறுக்கும். வெளிப்பக்கம் மட்டும். கடைசியில் மினுக்க கார்னோபா மெழுகு (ஒருவகைப் பனை இலை மெழுகு) கொஞ்சம்.

அறைச் சுவரை ஊடுருவி வெளியே வந்துவிட்ட வெடிப்புக்குச் சாம்பலும் பட்டியும் நிற்காது. புகைக்கிற சூட்டில் ஒவ்வொரு தடவையும் திறக்கும். அப்படிப்பட்ட கிண்ணத்தை அலங்காரத்துக்கு வைத்துவிட்டு, குழல் நல்லதென்றால் அதை எடுத்துவையுங்கள். டெல்ரின் கழுந்து போட்டு வேறொரு சுங்கானுக்குப் பொருத்தலாம்.