ஒகேனக்கல்லில் பரிசலை ஆற்றில் இறக்கும் முன்

ஒகேனக்கல் காவிரியில் 22 வருடமாகப் பரிசல் ஓட்டுகிறேன். சுற்றிலும் யானைக்காடு, எதிர்க்கரை கர்நாடகம். பரிசலை எங்கே வேண்டுமானாலும் இறக்க முடியாது. உரிமம் வேண்டும், அனுமதித்த துறையில்தான் இறக்க வேண்டும். புதிதாகத் துடுப்புப் பிடிக்க வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

காலையில் முதலில் பிலிகுண்டுலு கணக்கைக் கேளுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் எத்தனை கன அடி வருகிறது என்று மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. நீர் கூடி, மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிட்டால் அன்றைக்குப் பரிசல் கரையில்தான். தடை இல்லாவிட்டாலும் உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தண்ணீர் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, காய்ந்த பாறையில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். மற்ற வேலைகளை முடித்துத் திரும்பும்போது கல் நனைந்திருந்தால் ஆறு ஏறுகிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி, சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால் காத்திருக்கவே வேண்டாம், பரிசலை மேட்டில் ஏற்றிவிடுங்கள்.

அடுத்து பரிசல். தாத்தா காலத்தில் மூங்கில் பின்னலுக்கு மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். தலைமேல் கவிழ்த்துத் தூக்கும்போதே உள்ளிருந்து வெயிலைப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டைதான், அங்கே தார் வைத்த பிறகே தண்ணீர். பாறைமேல் இழுக்கவே கூடாது.

கரையையும் பாருங்கள். மணலில் வயிறு தேய்ந்த தடமும் நடுவே வால் கோடும் இருந்தால் முதலை அங்கே படுத்திருக்கிறது. குளிர்காலக் காலையில் வெயில் காய வரும். பிப்ரவரியிலிருந்து மணலில் குழி தோண்டி முட்டையிடும், அந்தத் திட்டின் பக்கமே போகாதீர்கள். யானைச் சாணம் சூடாகக் கிடந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்கு வந்த கூட்டத்துக்கு நாம்தான் வழிவிட வேண்டும்.

சரி, இறக்கலாம். பெரிய பாறையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் ஓடாமல் நிற்கும், அங்கே மிதக்க விடுங்கள். ஓட்டுபவர் முதலில் ஏறி நடுவில் கால் வைத்துக் குந்த வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராக, எதிரெதிராக உட்காரட்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூன்று பேரை ஒரே பக்கம் ஏறவிட்டேன். விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. முழங்கால் ஆழம்தான் என்றாலும் அவர்களோடு இருந்த குழந்தையின் அலறல் இன்னும் காதில் இருக்கிறது. உயிர்காப்பு உடையின் கடைசிப் பட்டை வரை மாட்டிய பிறகே நான் இப்போது துடுப்பை எடுப்பேன்.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போக வேண்டிய பக்கத்து விளிம்பில் குந்தி, துடுப்பை எட்டுப்போல அசைத்துத் தண்ணீரை உங்கள் பக்கம் இழுங்கள். ஒரு பக்கமே தள்ளினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கரைக்கு நேராகப் போகாதீர்கள். இக்கரை ஓரமாகவே நன்றாக மேலேறி, அப்புறம் குறுக்கே விடுங்கள். ஓட்டம் உங்களைக் கீழே கொண்டுவந்து துறையில் சேர்த்துவிடும்.

திரும்பியதும் பரிசலைக் கவிழ்த்து மர நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் தார் இளகிவிடும், மறுநாள் மறுபடி ஓட்டை தேட வேண்டியிருக்கும்.